சாஞ்சி: பெயர் பொறித்தவர்களின் குன்று

செவ்வாய்க்கிழமை: போபாலிலிருந்து சாஞ்சிக்கு

சென்னையிலிருந்து தில்லிக்குச் செல்லும் இருப்புப்பாதை, போபாலைத் தாண்டிய சிறிது நேரத்தில், சாஞ்சிக் குன்றின் அடிவாரத்தை ஒட்டிச் செல்கிறது. பெரும்பாலான விரைவு வண்டிகள் அந்தச் சிறிய நிலையத்தில் நிற்பதில்லை. தலைநகருக்குப் போய்வரும் தமிழர்கள் எத்தனையோ பேர், 200 ரூபாய் நோட்டின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் ஸ்தூபியை (பௌத்தர்களின் அரைக்கோள வடிவ நினைவு மேடு) சட்டைப்பையில் வைத்துக்கொண்டே, அதன் அசலைத் தூக்கத்தில் கடந்திருப்பார்கள். நானும் அவர்களில் ஒருவனாகவே பல ஆண்டுகள் இருந்தேன். இம்முறை போபாலில் இறங்கி, காலையில் போஹாவும் ஜிலேபியும் சாப்பிட்டுவிட்டு, சாலை வழியாகப் புறப்பட்டேன்.

போபாலிலிருந்து சாஞ்சி ஏறத்தாழ 46 கிலோமீட்டர். வழியில் கடகரேகை சாலையைக் குறுக்கே கடக்கும் இடத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள். வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளாதவர்களே இல்லை என்று ஓட்டுநர் சொன்னார். சாலையின் இரு புறமும் குளிர்காலக் கோதுமை பச்சையாக நின்றது. சமவெளியில் சுமார் 300 அடிக்குத் திடீரென எழுகின்ற குன்று தொலைவிலிருந்தே தென்படுகிறது; ஆனால் அது கம்பீரமான மலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இங்கு வருவதற்கு முன்பே என் மனத்தில் இருந்த கேள்வி ஒன்றுதான். புத்தர் பிறந்தது லும்பினியில், ஞானம் பெற்றது கயையில், முதன்முதலில் அறம் உரைத்தது சாரநாத்தில், மறைந்தது குசிநகரத்தில். சாஞ்சிக்கு அவர் வந்ததாக எந்த மரபும் கூறவில்லை. ஏழாம் நூற்றாண்டில் இந்தியா முழுவதும் சுற்றிப் பௌத்தத் தலங்களைப் பற்றி விரிவாக எழுதிய யுவான் சுவாங்கும் இந்தக் குன்றைக் குறிப்பிடவில்லை. அப்படியிருக்க, நாட்டில் எஞ்சியுள்ள பௌத்தக் கட்டடத் தொகுதிகளுள் மிகப் பழமையானதும் மிக முழுமையானதும் என்று சொல்லத்தக்க ஒன்று இங்கே எழுந்தது ஏன்? யார் செலவு செய்தார்கள்?

விடையின் ஒரு பகுதி இலங்கையின் பாலி நூலான மகாவம்சத்தில் இருக்கிறது. இளவரசனாக இருந்த அசோகன் உஜ்ஜயினிக்குச் செல்லும் வழியில், இங்கிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள விதிசை நகரில் தங்கி, வணிகர் ஒருவரின் மகளான தேவியை மணந்தான் என்றும், அவர்களுக்கு மகிந்தனும் சங்கமித்திரையும் பிறந்தனர் என்றும் அந்நூல் கூறுகிறது. துறவியான மகிந்தர் இலங்கைக்குப் புறப்படும் முன் தாயைக் காண வந்து, வேதிசகிரி என்னும் குன்றின் மேலிருந்த விகாரையில் தங்கினாராம். அந்த வேதிசகிரி சாஞ்சிதான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

மாலையில், குன்றின் மேல் 1952இல் திறக்கப்பட்ட சேத்தியகிரி விகாரைக்குச் சென்றேன். இலங்கையிலிருந்து வந்த யாத்திரிகர் குழு ஒன்று வெண்ணிற ஆடையில் வரிசையாக அமர்ந்து பாலி மொழியில் ஓதிக்கொண்டிருந்தது. அவர்களை அழைத்து வந்த வழிகாட்டி மாத்தளையைச் சேர்ந்த தமிழர். நான் தொலைபேசியில் தமிழில் பேசியதைக் கேட்டு அருகில் வந்தார்.

"இவங்களுக்கு இது மகிந்த தேரரோட அம்மா ஊர் சார். கயாவுக்குப் போற மாதிரி பயபக்தியோட இங்கயும் வருவாங்க" என்றார்.

புத்தர் வராத ஊருக்கு இவர்கள் வருவதன் காரணம் அந்த ஒரு வரியில் தெளிவாகிவிட்டது. ஆனால் கட்டியவர்கள் யார் என்ற கேள்வி அப்படியே இருந்தது.

புதன்கிழமை: பெரிய ஸ்தூபி

கதிரவன் எழும் நேரத்தில் வளாகத்தைத் திறந்துவிடுகிறார்கள். முதல் ஆளாக நுழைவதில் ஒரு நன்மை உண்டு: பள்ளிப் பிள்ளைகளின் பேருந்துகள் வருவதற்கு முன்பு, ஸ்தூபியைச் சுற்றிலும் பாலை மரங்களில் கூச்சலிடும் கிளிகளைத் தவிர வேறு ஓசை இல்லை.

நாம் இன்று காண்பது அசோகன் கட்டிய ஸ்தூபி அன்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அவன் எழுப்பிய செங்கல் மேடு, இப்போதுள்ளதில் ஏறத்தாழப் பாதி அளவே; அது உள்ளே இருக்கிறது. அடுத்த நூற்றாண்டில், சுங்கர் காலத்தில், அதன்மேல் கல் போர்வை போர்த்தி, சுற்றிலும் கல்வேலியும், இடையில் உயர்ந்த நடைபாதையும், உச்சியில் சதுர வேலிக்குள் மூவடுக்குக் குடையும் அமைத்தார்கள். இப்போது அரைக்கோளத்தின் விட்டம் சுமார் 36.6 மீட்டர், உயரம் சுமார் 16.5 மீட்டர். அதற்கும் நூறாண்டு கழித்து, கி.மு. முதலாம் நூற்றாண்டில், சாதவாகனர் காலத்தில் நான்கு திசைகளிலும் தோரண வாயில்கள் எழுந்தன. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் வாயில்களுக்கு நேரே நான்கு புத்தர் சிலைகளை அமர்த்தினார்கள். ஆகவே வேலிக்குள் ஒரு முறை வலம் வருபவர், அசோகனிலிருந்து குப்தர் வரையிலான ஏழு நூற்றாண்டுகளைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறார்.

கல்வேலியைத் தொட்டுப் பார்க்கும்போதுதான் அதைச் செய்தவர்கள் தச்சு வேலையில் ஊறியவர்கள் என்பது புலப்படுகிறது. தூணில் துளையிட்டு, வில்லை போல் புடைத்த குறுக்குக் கற்களின் முனைகளை அதில் செருகி, மேலே உருண்டை முதுகுடைய நீண்ட கல்லைப் பொருத்தியிருக்கிறார்கள். இந்த முறை கல்லுக்குத் தேவையே இல்லை, மரத்துக்குத்தான் தேவை. மரவேலியைப் பார்த்து வளர்ந்த கைகள், கல் கிடைத்தபோதும் அதே வேலையைச் செய்தன. வேலியில் சிற்பமே கிடையாது. ஆள் உயரத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் உயர்ந்த அந்த மொட்டைக் கற்களின் கடுமைதான், வாயில்களின் சிற்ப நெரிசலைத் தாங்கிக்கொள்ளும்படி செய்கிறது என்று எனக்குத் தோன்றியது.

தோரணங்களைப் பார்ப்பதற்கு முறையான வழி, கிழக்கில் தொடங்கித் தெற்கு, மேற்கு, வடக்கு என்று வலமாகச் செல்வது. ஒவ்வொரு வாயிலிலும் இரு தூண்களுக்கு மேல் மூன்று குறுக்கு விட்டங்கள் உண்டு. கிழக்கு வாயிலின் நடு விட்டத்தில், கபிலவத்துவை விட்டுச் சித்தார்த்தன் வெளியேறும் காட்சி இடமிருந்து வலமாக விரிகிறது. நகர வாயிலிலிருந்து ஒரு குதிரை புறப்படுகிறது. அதன் குளம்புகளைத் தேவர்கள் தாங்குகிறார்கள். மேலே குடை பிடிக்கப்படுகிறது. ஆனால் குதிரையின் மேல் ஆள் இல்லை. அதே குதிரை மீண்டும் மீண்டும் செதுக்கப்பட்டு முன்னேறிச் செல்கிறது. வலக்கோடியில் குடை குதிரையை விட்டு விலகி, தரையில் பதிந்த இரண்டு பாதச் சுவடுகளின் மேல் வந்து நிற்கிறது. கீழே குதிரை வெறுமையாகத் திரும்புகிறது. இறங்கிவிட்டார் என்று நாம் புரிந்துகொள்கிறோம். நான்கு வாயில்களிலும் எங்கும் புத்தரின் உருவம் இல்லை: போதிமரம் என்றால் ஞானம், சக்கரம் என்றால் அறவுரை, ஸ்தூபி என்றால் மறைவு. மணிபல்லவத் தீவில் மணிமேகலை வலங்கொண்டு வணங்கியதும் புத்தரின் உருவத்தை அன்று, பாதபீடிகையைத்தான் என்பது தமிழ் வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஆனால் இந்த வாயிலைத் தாண்டி இரண்டடி வைத்தால், பின்னாளில் அமர்த்திய புத்தர் சிலை கண்முன் இருக்கிறது. முதலில் வந்தவர்கள் காட்டாமல் விட்டதைப் பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள்; ஆனால் பழையதை யாரும் இடித்து எறியவில்லை.

இதே வாயிலின் பக்கவாட்டில், மாமரக் கிளையைப் பற்றிக்கொண்டு சாய்ந்து நிற்கும் யட்சிதான் (வளத்தின் பெண் தெய்வம்) சாஞ்சியிலேயே அதிகமாகப் படம் எடுக்கப்படும் உருவம். அவளுடைய புகழ் நியாயமானதே. இருந்தாலும், அண்ணாந்து அவளை மட்டும் பார்த்துவிட்டுக் கலைந்துபோகும் கூட்டத்தைக் கண்டபோது, அவளுக்கு மேலுள்ள மூன்று விட்டங்களுக்காகச் சற்று வருந்தினேன்.

தெற்கு வாயில்தான் முதலில் எழுந்தது. அதற்கு முன்னால் அசோகனின் தூண் ஒன்று நின்றது. இப்போது அடிக்கட்டை மட்டும் நிற்கிறது, பிற துண்டுகள் அருகே கூரையின் கீழ்க் கிடக்கின்றன. நாற்பது அடிக்கும் மேற்பட்ட உயரமுடைய அந்தத் தூணை, உள்ளூர் ஜமீன்தார் ஒருவர் கரும்பாலைக்குப் பயன்படுத்த உடைத்ததாக, பின்னர் இந்திய தொல்லியல் துறையின் தலைவராக இங்கே பணி செய்த ஜான் மார்ஷல் பதிவு செய்திருக்கிறார். அடிக்கட்டையில் எஞ்சிய எழுத்துகள் வாழ்த்துரை அல்ல, எச்சரிக்கை. சங்கத்தை, அதாவது பௌத்தத் துறவியர் அமைப்பை, பிளவுபடுத்தும் பிக்குவோ பிக்குணியோ வெள்ளாடை உடுத்து விகாரைக்கு வெளியே வசிக்க வேண்டும் என்கிறது ஆணை. துவராடையைக் களைந்து வெளுப்பை உடுத்துவது துறவு நீங்கியதற்கு அடையாளம். இதே ஆணையின் வடிவங்கள் சாரநாத்திலும் கௌசாம்பித் தூணிலும் உள்ளன. அசோகன் காலத்திலேயே சங்கத்துக்குள் பூசல் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தெற்கு வாயிலின் மேல் விட்டத்தில், செதுக்கிய ஸ்தூபியின் உடல்மேல், சதகர்ணி மன்னனின் கைவினைஞர் தலைவன் ஆனந்தனின் கொடை என்று எழுதியிருக்கிறது. இடப்புறத் தூணில் வேறொரு வரி: விதிசையின் தந்த வேலைக்காரர்கள் இந்தச் சிற்பத்தைச் செதுக்கினர். யானைத் தந்தத்தில் நகக்கண் அளவில் உருவம் செதுக்குபவர்கள் கல்லுக்கு மாறினால் எப்படியிருக்கும் என்பதை அந்தத் தூணைக் கூர்ந்து பார்ப்பவர்கள் உணரலாம்: இடைவெளி என்பதே பிடிக்காதவர்கள் போல, மாலைக்குள் மாலை, கூட்டத்துக்குள் முகம் என்று நிரப்பியிருக்கிறார்கள். நடு விட்டத்தில் ராமகிராமத்து ஸ்தூபியைத் திறக்கப் படையோடு வரும் அசோகனும், அதைக் காக்கும் நாகர்களும் இருக்கிறார்கள். மௌரியப் பேரரசன் விரும்பிய புத்தரின் உடல் எச்சங்களைப் பெற முடியாமல் திரும்பிய ஒரே ஸ்தூபி அது என்பது மரபு. அதை அவனே எழுப்பிய ஸ்தூபியின் வாயிலில் செதுக்கி வைக்க ஒருவருக்குத் துணிவு இருந்தது.

மேற்கு வாயிலின் விட்டங்களைத் தொப்பை பெருத்த குள்ளர்கள் தாங்குகிறார்கள். பாரம் அவர்களை வருத்துவதாக முகங்கள் காட்டிக்கொள்ளவில்லை. வடக்கு வாயில் நான்கிலும் சேதம் குறைந்தது. உச்சியில் உடைந்த சக்கரம் இன்னும் இருக்கிறது. கீழ் விட்டத்தில் புத்தரின் முற்பிறப்புக் கதைகளுள் ஒன்றான வெசந்தர சாதகம் இரு முகங்களிலும் நீள்கிறது: கேட்டவர்க்கெல்லாம் யானையைக் கொடுத்து, தேரைக் கொடுத்து, குழந்தைகளைக் கொடுத்து, கடைசியில் மனைவியையும் கொடுக்கும் இளவரசனின் கதை. கொடுத்துக்கொண்டே போகும் இந்தக் கதைக்கு இங்கே இத்தனை நீளமான இடம் கிடைத்ததன் பொருத்தம் மறுநாள்தான் எனக்குப் புரிந்தது.

வியாழக்கிழமை: எழுத்துகள், அருங்காட்சியகம்

இன்று மீண்டும் விடியலில் வந்ததற்குக் காரணம் வெளிச்சம். வேலியிலுள்ள எழுத்துகள் ஆழமற்றவை. உச்சிவெயிலில் அவை மறைந்துவிடுகின்றன. காலைக் கதிர் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு கீற்றும் நிழலோடு எழுந்து நிற்கிறது. மாங்குளத்திலும் ஜம்பையிலும் தமிழ்ப் பிராமியைப் படித்துப் பழகிய கண்ணுக்கு இந்த எழுத்துகளில் பல உடனே பிடிபடுகின்றன, மொழி பிராகிருதம்.

இந்தக் குன்றில் படித்து வெளியிடப்பட்ட கொடைக் கல்வெட்டுகள் அறுநூறுக்கும் மேல். பெரும்பாலானவை ஒரே வரி: இன்ன ஊரைச் சேர்ந்த இன்னாரின் தானம். ஒரு தூண், ஒரு குறுக்குக் கல், தரையில் பாவிய ஒரு பலகை, அவ்வளவுதான் ஒருவரின் பங்கு. 1837இல் ஆங்கிலேய அறிஞர் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தின் புதிரை அவிழ்த்ததற்கும் இந்தச் சிறு வரிகளே துணை நின்றன. எட்வர்ட் ஸ்மித் என்ற பொறியாளர் எடுத்தனுப்பிய கல்வெட்டு நகல்களைக் கல்கத்தாவில் பரப்பி வைத்துப் பார்த்த அவர், வரிகள் எல்லாம் பெரும்பாலும் ஒரே எழுத்துகளில் முடிவதைக் கவனித்தார். வழிபாட்டு இடத்தில், தனித்தனிக் கற்களில், தனித்தனியாக எழுதி, ஒரே சொல்லில் முடியும் வரி கொடையைத்தான் குறிக்கும் என்று ஊகித்தார். 'தானம்' என்று படித்தார். அந்தச் சொல்லின் எழுத்துகளிலிருந்து மற்றவை அவிழ்ந்தன. அசோகனின் நீண்ட ஆணைகளைப் படிக்கும் திறவுகோலை, ஒரு கல்லுக்குப் பணம் கொடுத்த குடியானவர்கள் தந்திருக்கிறார்கள்.

அவர்கள் யார்? நெசவாளன் தாமகன். அரச எழுத்தனான கோதியின் மகன் சுபாகிதன். கந்தடிகாமத்துச் செட்டியின் மனைவி நாகை. இவர்களோடு பிக்குகள், பிக்குணிகள், இன்னாரின் தாய், இன்னாரின் மருமகள் என்று பெயர்கள் நீள்கின்றன. உஜ்ஜயினி, மாகிஷ்மதி, நந்திநகரம், குரரம் என ஊர்கள் தொலைவுக்கு விரிகின்றன. பெண்களின் பங்கு திகைக்க வைக்கிறது, அதிலும் பிக்குணிகள். உடைமை துறந்தவர்கள் எதைக் கொடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றும். சுற்றத்தாரிடம் திரட்டியிருக்கலாம், தங்களுக்கென வந்ததை மாற்றிக் கொடுத்திருக்கலாம். கல் அதைச் சொல்லவில்லை. அரசர்களின் பெயர்களைத் தேடினால், அரச குடும்பத்தோடு தொடர்புபடுத்தத்தக்க ஓரிரு பெயர்களைத் தவிர, வேலியில் கிடைப்பதில்லை. சுங்கர் காலத்து வேலை, சாதவாகனர் காலத்து வாயில் என்று நாம் எளிதாக அரச மரபுகளின் பெயரால் பேசிவிடுகிறோம். அது காலத்தைக் குறிக்குமே தவிர, கொடுத்தவரைக் குறிக்காது. வழிகாட்டிகள் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் "சுங்க ராஜா கட்டினார்" என்று முடித்துக்கொள்வது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

வாயில்களில் சில சாபங்களும் உண்டு. இந்தக் காகணாவத்திலிருந்து (சாஞ்சியின் பழைய பெயர் அது) தோரணத்தையோ வேலியையோ பெயர்த்து வேறு ஆசிரியர் குலத்துக்குக் கொண்டுபோகிறவன், தாயைக் கொன்றவன், தந்தையைக் கொன்றவன், அருகரை (ஞானம் எய்திய பௌத்தத் துறவியை) கொன்றவன், புத்தரின் உடலில் குருதி வரச் செய்தவன், சங்கத்தைப் பிளந்தவன் ஆகியோரின் பாவத்தை அடைவான். 'கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான்' என்று முடியும் நம் கோயில் கல்வெட்டுகளின் முன் நின்றவர்களுக்கு இந்தக் குரல் அந்நியமாக இருக்காது. பிற மதத்தாரைப் பற்றிய அச்சம் இதில் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பக்கத்து விகாரைக்காரர்கள் கல்லைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்பதே கவலை.

குப்தர் காலத்துக்கு வரும்போது கொடையின் வடிவம் மாறிவிடுகிறது. கி.பி. 412இல் இரண்டாம் சந்திரகுப்தனின் அதிகாரி ஆம்ரகார்தவன் ஒரு கிராமத்தையும் 25 தீனாரப் பொற்காசுகளையும் கொடுக்கிறான். கி.பி. 450ஐ ஒட்டி ஹரிசுவாமினி என்ற உபாசிகை (துறவு பூணாத பௌத்தப் பெண்) 12 தீனாரங்களை முதலாக வைத்து, அதன் வட்டியில் நாள்தோறும் ஒரு பிக்குவுக்கு உணவளிக்க ஏற்பாடு செய்கிறாள். இரத்தின கிருகத்தில் மூன்று விளக்குகளுக்கு மூன்று தீனாரம், நான்கு புத்தர்கள் அமர்ந்திருக்கும் இடத்தில் ஒரு விளக்குக்கு ஒரு தீனாரம். நேற்று நான் கண்ட நான்கு சிலைகளும் அந்த ஆண்டுக்குள் வந்துவிட்டன என்பதற்கு இந்த ஒற்றை விளக்கே சான்று. சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்குக்கு 'சாவா மூவாப் பேராடு', அதாவது எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டிய ஆடுகள், 96 விடுவார்கள். இங்கே ஆட்டுக்குப் பதில் பொன், ஆயர்க்குப் பதில் சங்கம். முதல் அழியாமல் பயன் மட்டும் எரிய வேண்டும் என்ற கணக்கு ஒன்றே.

வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அருங்காட்சியகத்தை இன்றே பார்த்துவிட்டேன். குன்றின் அடியிலுள்ள இதைத் தொடங்கியவர் மார்ஷல். நுழைந்ததும் எதிரே அசோகத் தூணின் நான்கு சிங்கத் தலைப்பு நிற்கிறது. முகங்கள் சிதைந்துவிட்டன, ஆனால் கால்களின் தசை நாரும், மெருகும், கீழே வட்டத்தில் அலகு நீட்டிய அன்னங்களும் அப்படியே உள்ளன. 1818இல் ஜெனரல் டெய்லர் இந்த இடிபாடுகளைக் கண்டு எழுதிய பிறகு, இங்கே நேர்ந்ததில் பெரும்பகுதி அழிவுதான். 1822இல் கேப்டன் ஜான்சன் புதையலைத் தேடி, பெரிய ஸ்தூபியின் ஒரு பக்கத்தை உச்சியிலிருந்து அடிவரை பிளந்தார். அதன் விளைவாக மேற்கு வாயிலும் வேலியின் ஒரு பகுதியும் சரிந்தன. 1880களில் மேஜர் கோல் பிளவை அடைத்து வாயில்களை நிமிர்த்தினார். 1912 முதல் 1919 வரை மார்ஷல் செய்த பணிக்குப் போபாலின் நவாப் சுல்தான் ஜகான் பேகம் பொருளுதவி அளித்தார். கொடையாளர் வரிசையில் பெண்கள் நிறைந்த இந்தக் குன்றுக்கு, இருபது நூற்றாண்டுகள் கழித்தும், கொடுத்தவர் ஒரு பெண்ணே.

பிற்பகலில் 17ஆம் எண் கோயிலின் முன் நெடுநேரம் இருந்தேன். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த, தட்டைக் கூரையும் நான்கு தூண் முகமண்டபமும் கொண்ட சிறு கருவறை. அதற்குமேல் ஒன்றும் இல்லை. அதற்குமேல் ஒன்றும் வேண்டியும் இல்லை. அருகே 18ஆம் எண் கோயில், ஒரு முனை யானையின் பின்புறம் போல் வளைந்த தூங்கானை மாட வடிவம். கூரை போய், ஏழாம் நூற்றாண்டின் உயர்ந்த தூண்கள் மட்டும் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கின்றன. 45ஆம் எண் கோயில் இவற்றுக்கெல்லாம் பிந்தியது. அதன் நிலைக்காலில் கங்கையும் யமுனையும் நிற்கிறார்கள். எந்தச் சமயத்தின் வாயிலானாலும் அக்காலத்தில் அவர்களுக்கு இடம் இருந்தது.

வெள்ளிக்கிழமை: பேழைகள்

பெரிய ஸ்தூபியின் வடகிழக்கே, ஒரே வாயிலுடன் இருக்கும் மூன்றாம் ஸ்தூபியை 1851இல் ஆங்கிலேயப் படை அதிகாரிகளான அலெக்சாண்டர் கன்னிங்காமும் பிரெடெரிக் மெய்சியும் திறந்தார்கள். உள்ளே இரண்டு கற்பெட்டிகள். ஒன்றின் மூடியில் சாரிபுத்திரரின் பெயர், மற்றதில் மகாமொக்கல்லானரின் பெயர். புத்தரின் தலைமைச் சீடர்கள் இருவர். சாரிபுத்திரரின் பெட்டிக்குள் இருந்த சிறு பேழையின் மூடியின் உட்புறத்தில், அவர் பெயரின் முதலெழுத்து மையால் எழுதப்பட்டிருந்தது. கல்லில் வெட்டிய ஆயிரம் எழுத்துகளைவிட, மூடிவிட்டால் இனி யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும், பெட்டிகள் மாறிவிடாமலிருக்க ஒருவர் தூரிகையால் இட்ட அந்த ஓரெழுத்து என்னை அதிகம் ஈர்த்தது.

இந்தப் பகுதியில் கிடைத்த சீடர்களின் தாதுக்கள் (உடல் எச்சங்கள்) இங்கிலாந்துக்குச் சென்று, இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பல்லாண்டுகள் இருந்தன. பௌத்தர்களின் நெடிய வேண்டுகோளுக்குப் பின் 1947இல் கொழும்புக்கும், 1949இல் கல்கத்தாவுக்கும் வந்து, 1952 நவம்பர் 30 அன்று பிரதமர் நேரு பங்கேற்ற விழாவில், நான் முதல் நாள் மாலை அமர்ந்திருந்த விகாரையில் வைக்கப்பட்டன. ஆண்டுதோறும் நவம்பர் இறுதியில் நடக்கும் விழாவில் மட்டுமே அவற்றை வெளியே எடுக்கிறார்கள்.

பிறகு மேற்குச் சரிவில் இறங்கினேன். வழியில் 51ஆம் எண் விகாரை: நடுவே முற்றம், சுற்றிலும் சிறு அறைகள். இன்னும் கீழே இறங்கினால் இரண்டாம் ஸ்தூபி. நூறு பேர் மேலே வந்தால், இங்கே இறங்குபவர்கள் ஐந்து பேர் இருப்பார்களா என்பது ஐயமே. வாயில்கள் இல்லை, ஆனால் வேலி முழுவதும் சிற்ப வட்டங்கள். பெரிய ஸ்தூபியின் தோரணங்களுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முந்தியவை என்பதால் உருவங்கள் தட்டையாகவும் விறைப்பாகவும் உள்ளன. தாமரைகள், யானைகள், குதிரைமுகப் பெண், இருபுறமும் யானைகள் நீர் சொரியத் தாமரையில் நிற்கும் பெண். நம் வீட்டு நிலைகளில் கஜலட்சுமியாகப் பார்த்துப் பழகிய இந்த வடிவம் புத்தரின் பிறப்பையே குறிக்கிறது என்று மார்ஷல் போன்றோர் கருதினார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. செல்வத்தின் தெய்வத்தை வணிகர்கள் தங்கள் ஸ்தூபியில் செதுக்கிக்கொள்ள வேறு விளக்கம் தேவையா?

இந்த ஸ்தூபிக்குள் கிடைத்த பேழைகளில் பத்து ஆசிரியர்களின் பெயர்கள் இருந்தன. அவர்களுள் காசபகோதர் இமயப் பகுதியோரின் ஆசிரியர் என்று குறிக்கப்பட்டிருக்கிறார். அசோகன் காலத்தில் இமயத்துக்கு அறம் பரப்பச் சென்றவர்களின் பட்டியலில் அதே பெயரை இலங்கை நூல்கள் தருகின்றன. கடல் கடந்து, பல நூற்றாண்டுகள் கழித்து எழுதிய ஒரு பட்டியலை இந்தக் குன்றின் ஒரு சிறு பேழை உறுதிப்படுத்துகிறது. மாத்தளைக்காரர் இன்னும் ஊரில் இருந்திருந்தால் அவரை இங்கே அழைத்து வந்திருப்பேன்.

சனிக்கிழமை: விதிசை

கொடுத்தவர்களின் ஊரைப் பார்க்காமல் திரும்ப மனம் வரவில்லை. ஆட்டோவில் அரை மணி நேரம் கூட ஆகவில்லை. பேத்வா, பேஸ் ஆகிய ஆறுகள் கூடுமிடத்தில் பழைய விதிசை இருந்தது. இப்போது அது பேஸ்நகர் என்னும் சிற்றூர். உஜ்ஜயினியிலிருந்து கௌசாம்பி, பாடலிபுத்திரம் நோக்கிச் சென்ற வணிகப் பாதையில் இந்நகர் அமைந்திருந்தது. குன்றின் மேல் தியானத்துக்கு வேண்டிய தனிமை, குன்றின் கீழ் பிச்சைக்கும் கொடைக்கும் வேண்டிய செல்வ நகரம். புத்தர் வராமலேயே சாஞ்சி எழுந்ததற்கு இந்தப் பத்துக் கிலோமீட்டர் தொலைவே காரணம் என்று இப்போது துணிந்து சொல்வேன்.

பேஸ்நகரில் வேலியிட்ட திடலில் தனியே நிற்கும் தூணை ஊர் மக்கள் கம்பா பாபா என்று அழைக்கிறார்கள். தட்சசீலத்துக் கிரேக்க மன்னன் அந்தியால்கிதாஸின் தூதனாக வந்த ஹெலியோடோரஸ், தன்னை பாகவதன் (திருமாலின் அடியவன்) என்று சொல்லிக்கொண்டு, வாசுதேவனுக்காகக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் நிறுத்திய கருடத் தூண் அது. கன்னிங்காம் பார்த்தபோது வழிபாட்டுச் செந்தூரம் அடர்த்தியாக அப்பியிருந்ததால் எழுத்து மறைந்திருந்தது, பின்னரே வெளிப்பட்டது. தன்னடக்கம், ஈகை, விழிப்பு ஆகிய மூன்றும் வீட்டுலகுக்கு இட்டுச் செல்லும் என்று தூணின் கடைசி வரிகள் கூறுகின்றன. மேலே குன்றில் நெசவாளனும் செட்டியின் மனைவியும் கல்லுக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், கீழே நகரில் ஒரு யவனன் வேறொரு தெய்வத்துக்குத் தூண் நாட்டி அதிலும் ஈகையையே எழுதியிருக்கிறான்.

உதயகிரிக் குடைவரைகளுக்கு ஒரு மணி நேரமே ஒதுக்க முடிந்தது. ஐந்தாம் குகையில், நிலமகளைக் கொம்பில் ஏந்தி எழும் மாபெரும் வராகத்தைக் கண்டேன். அதற்கு இன்னொரு பயணமே தேவை.

சாஞ்சிக்குச் செல்ல எண்ணுவோர்க்குச் சில சொற்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை செல்லுங்கள். போபாலிலிருந்து ஒரே பகலில் போய்வரலாம் என்று விடுதிக்காரர்கள் சொல்வார்கள். ஓர் இரவாவது சாஞ்சியில் தங்கினால்தான் காலை வெளிச்சத்தில் வேலி எழுத்துகளைப் பார்க்க முடியும். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். இருநோக்குக் கண்ணாடி (பைனாகுலர்) ஒன்று இருந்தால் தோரணங்களின் மேல் விட்டங்களுக்கு மிகவும் உதவும். இரண்டாம் ஸ்தூபிக்கு இறங்கும் படிகளில் நிழல் குறைவு, கடையும் கிடையாது. தண்ணீரை மேலேயே நிரப்பிக்கொண்டு இறங்குங்கள்.